மோனாஷில் ஐ.டி. முதுநிலை: பாடத் திட்டத்தைக் கடைசிப் பருவத்திலிருந்து வகுப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஆய்வேட்டை மையமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பும் உண்டு. பாடங்களைப் படித்துத் தேர்ச்சி பெற்றுப் பட்டம் வாங்கும் ‘கோர்ஸ்வொர்க்’ படிப்பும் உண்டு. இரண்டாவது வகையில் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதை, மெல்பர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பைக் கொண்டு பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு உரிய நுழைவு நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு துறையில் இளநிலை முடித்தவருக்கு 96 புள்ளிகள் (பாடச் சுமையை அளக்கும் ‘கிரெடிட்’; மதிப்பெண் அல்ல), இரண்டு ஆண்டுகள். கணினித் துறையில் முடித்தவருக்கு 72 புள்ளிகள், ஒன்றரை ஆண்டுகள். ஒரு பாடம் பொதுவாக 6 புள்ளிகள் பெறும். குறுகிய வழியில் செல்வோருக்கு, பைத்தான் நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு போன்றவை அடங்கிய 24 புள்ளி அடிப்படைப் பகுதி கிடையாது. ஆகவே நிரல் எழுதிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் வகுப்பு தொடங்குமுன் அவற்றைத் தாமாகவே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டைத் திறந்து, கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள். 48 புள்ளி மையப் பகுதிக்குப் பின் வரும் இறுதி 24 புள்ளிகளை ஆய்வுக்குச் செலவிடுவதா, தொழில்சார் திட்டப்பணிக்குச் செலவிடுவதா என்பதை முதல் பருவத்திலேயே ஓரளவு தீர்மானித்துவிட்டால், அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்கள் எவை என்பது தானே தெளிவாகும்.

அந்தப் பாடங்களை ஒரு தாளில் எழுதி, எதற்கு எது முன்தேவை என்று அம்புக்குறியிட்டு இணையுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பருவத்தில் நடத்தப்படுகிறது என்பதையும் அருகில் குறியுங்கள். ஒரு பருவத்தில் மட்டும் நடத்தப்படும் பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும்; மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது விசாக் காலத்தையும் பாதிக்கும். ஜூலையில் சேர்பவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ சேர்வோருக்கான மாதிரித் திட்டம் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். 6 புள்ளிப் பாடம் ஒன்றுக்கு ஒரு பருவத்தில் 144 மணி நேர உழைப்பைப் பல்கலைக்கழகம் எதிர்பார்க்கிறது. அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 12 மணி. நான்கு பாடங்களுக்கு 48 மணி ஆகிறது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் மாணவர் விசா அனுமதிக்கும் வேலை, இரு வாரங்களுக்கு 48 மணி. இரண்டையும் முழுமையாகச் செய்பவருக்கு வாரம் 72 மணியாகிவிடும். அனுமதி இருக்கிறதே என்பதற்காக முதல் பருவத்திலேயே அத்தனை மணியும் வேலைக்கு ஒப்புக்கொள்வது, என் பார்வையில், விவேகமன்று.

இறுதியாக, ‘சென்சஸ்’ நாளை நாட்காட்டியில் குறியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை; முதல் பருவத்துக்கு மார்ச் 31, இரண்டாம் பருவத்துக்கு ஆகஸ்ட் 31 என அமைந்துள்ள இந்நாளுக்குள் ஒரு பாடத்தைக் கைவிட்டால், அதற்கான கட்டணப் பொறுப்பு உங்களைச் சேராது. ஆனால் விசா மாணவர்கள் பாடச் சுமையைத் தம் விருப்பம்போல் குறைத்துக்கொள்ள இயலாது. பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். எனவே ஒரு பாடம் கடினமாகத் தோன்றினால், மூன்றாம் வாரத்திலேயே பாட ஆலோசகரை அணுகுங்கள்.