டைட்டில் ஒன் திட்டம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், தன் ஃபெடரல் நிதித் திட்டத்தை அனுப்பி "ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார். 60 பக்கம். அட்டவணைகள், கணக்குகள் எல்லாம் கச்சிதம். கடைசியில் பெற்றோர் கூட்டத்தின் கையெழுத்துத் தாள் இணைத்திருந்தார். அதன் தேதியைப் பார்த்தேன். திட்டம் பள்ளி வாரியத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறி நான்கு நாள் கழித்துக் கூட்டம் நடந்திருக்கிறது. 2017-இல் நான் செய்த அதே காரியம், அதே வரிசையில்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவில் ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் பள்ளி மாவட்டம். அதன் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவது பள்ளி வாரியம். 1965-இல் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பகுதிதான் டைட்டில் ஒன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளிகளுக்கு வாஷிங்டனிலிருந்து பணம் வருகிற வழி அது. அந்தச் சட்டத்தின் இப்போதைய வடிவம் 2015 டிசம்பரில் வந்தது. பணம் வேண்டுமென்றால் மாவட்டம் ஒரு திட்டம் எழுத வேண்டும். ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், வகுப்பு உதவியாளர்கள், சார்ட்டர் பள்ளிகள் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடப்பவை) இருந்தால் அவற்றின் தலைவர்கள், பெற்றோர்கள் ஆகியோரிடம் உரிய நேரத்தில், அர்த்தமுள்ள வகையில் கலந்து பேசித்தான் எழுத வேண்டும் என்கிறது சட்டம்.

கையெழுத்து வாங்க மறப்பது, அறிவிப்பில் அறை எண்ணைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தணிக்கை முடிந்தால் அவை தானாகச் சரியாகிவிடும்.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது நான் வேலை பார்த்த மாவட்டம். பெற்றோரில் பெரும்பாலோர் தோப்பிலோ பேக்கிங் ஷெட்டிலோ வேலை செய்கிறவர்கள். வீடுகளில் ஸ்பானிஷ், பஞ்சாபி, மோங் மொழிகள். அந்த வருடம் எங்களுக்கு வந்த டைட்டில் ஒன் தொகை சுமார் 12 லட்சம் டாலர்.

நான்கு தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கத் திணறிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து தீர்வு கண்டுபிடித்தோம். வாரம் மூன்று நாள், பள்ளி விட்ட பிறகு டியூஷன். ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளம், ஒரு வாசிப்பு மென்பொருளுக்கு உரிமம், எல்லாம் சேர்த்து 3 லட்சம் டாலர். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மே மாதம் பெற்றோரைக் கூப்பிட்டோம். பீட்சா, 42 ஸ்லைடு, கடைசியில் "கேள்வி ஏதாவது உண்டா?" பின்வரிசையில் இருந்த ஒரு பஞ்சாபிப் பாட்டி மருமகள் மூலமாகக் கேட்டார்: "பஸ் எத்தனை மணிக்கு?"

வழக்கம்போல 2:40-க்கு என்றேன்.

"டியூஷன் எத்தனை மணிக்கு முடியும்?"

4:15.

பாட்டி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் குறிப்பில் "போக்குவரத்து பற்றி ஒரு கேள்வி எழுந்தது" என்று எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் வாரியம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

அடுத்த பள்ளி ஆண்டில் 240 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பினோம். வந்தவர்கள் 70 பேர் கூட இல்லை. நவம்பரில் அது 40 ஆனது. அந்த நாற்பதும் பகலில் வீட்டில் கார் இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். யாருக்காகத் திட்டம் போட்டோமோ அவர்கள் 2:40 பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாலை பஸ் ஒன்றை டைட்டில் ஒன் பணத்திலேயே விட்டிருக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. எனக்கு அது அப்போதே தெரியும். பட்ஜெட்டில் போக்குவரத்துச் செலவுக்கான இடத்தில் பூஜ்யம் போட்டாயிற்று, அதைத் தொட்டால் மொத்தக் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும், வாரியக் கூட்டத்துக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. அதனால் தொடவில்லை.

இதற்குப் பணமாகவும் விலை கொடுத்தோம். டைட்டில் ஒன் தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக முடியாது. எங்களுக்கு அந்த வரம்பு 1,80,000 டாலர். கையில் மிஞ்சியது 2,10,000. மாநிலம் விலக்குத் தரலாம், ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். எனக்கு முன்னால் இருந்தவர் அதை முந்தின வருடமே வாங்கியிருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வந்த 30,000 டாலர், செலவழிக்கத் தெரியவில்லை என்று திரும்பிப் போனது.

அறியாமையால் நடந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அந்தப் பாட்டி வேலை நாளில் மாலை நேரத்தில் வந்து, மொழி தெரியாத கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் திட்டத்தின் ஓட்டையை இரண்டே கேள்வியில் காட்டினார். அதை நான் குறிப்பாக எழுதி ஃபைலில் போட்டேன். திட்டம் பெற்றோருக்குத் திருப்தியாக இல்லை என்றால் அவர்கள் சொன்னதைத் திட்டத்தோடு சேர்த்து மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. "கேள்வி எழுந்தது" என்று எழுதியதன் மூலம் அந்த விதியிலிருந்தும் நழுவிக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது எப்படிச் செய்கிறேன்? முதல் கூட்டம் நவம்பரில். கையில் தீர்வு எதுவும் கொண்டுபோவதில்லை, பிரச்சினையை மட்டும் ஒரே பக்கத்தில் கொண்டுபோகிறேன். "மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வாசிக்கத் திணறுகிறார்கள். உங்கள் வீட்டில் மாலை 4 மணிக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டால் போதும். பஸ், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, இரவு ஷிப்ட் என்று எல்லாம் வந்துவிடும். பிப்ரவரியில் வரைவைக் காட்டும்போது பட்ஜெட்டின் சில இடங்களை நிஜமாகவே காலியாக விட்டிருப்பேன். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்காது. நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்தால் மக்கள் தலையாட்டுவார்கள். காலி இடத்தைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்த 1 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். 5 லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் பெறும் மாவட்டம் குறைந்தது அதில் 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதில் 90 சதவீதம் பள்ளிகளுக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவில் பெற்றோருக்கு இடம் உண்டு என்று சட்டமே சொல்கிறது. 12 லட்சத்துக்கு அது வெறும் 12,000 டாலர்தான். ஆனால் சின்னத் தொகையில் தன் பேச்சு எடுபட்டதைப் பார்த்தவர் அடுத்த வருடம் பெரிய தொகையைப் பற்றிப் பேச வருவார்.

தனியார் பள்ளிகளை ஏப்ரலில் நினைத்துக்கொள்வது

டைட்டில் ஒன் பள்ளி எல்லைக்குள் வசிக்கும் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் அதற்குச் சேவையில் பங்கு உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அந்தப் பங்கு கணக்காகும். மற்ற எந்தச் செலவையும் கழிக்கும் முன்பே அதை எடுத்துவைக்க வேண்டும். புதியவர்கள் பயிற்சி, நிர்வாகம் எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தில் பங்கு போடுவார்கள். அது தப்பு.

கலந்தாலோசனையும் முடிவுக்கு முன்பே நடக்க வேண்டும், இருவரும் உடன்படுவதை நோக்கி நடக்க வேண்டும், நடந்தது என்று பள்ளி நிர்வாகி எழுதிக் கையெழுத்திட வேண்டும். திருப்தி இல்லாத பள்ளி மாநிலத்திடம் புகார் செய்யலாம். இதைக் கவனிப்பதற்கென்றே மாநிலத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். "மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை" என்பது கலந்தாலோசனை ஆகாது. போன் செய்யுங்கள். சின்னப் பள்ளிகளில் முதல்வரேதான் மதியம் சாப்பாடும் பரிமாறிக்கொண்டிருப்பார். 3 மணிக்கு மேல் கூப்பிட்டால் கிடைப்பார்.

பெற்றோருக்காகப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது

வேண்டாம்.

அதே எட்டுப் பேர்

கலந்து பேச வேண்டியவர்களைக் குறிக்கக் கலிஃபோர்னியா படிவங்களில் இருந்த 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எஜுகேஷனல் பார்ட்னர்' என்று மாற்றினார்கள். தமிழில் 'பங்குதாரர்' என்று சொன்னாலும் ஏதோ மளிகைக் கடையில் முதல் போட்டவர் போலத்தான் ஒலிக்கிறது. சொல் மாறியது. கூட்டத்துக்கு வந்தவர்கள் மாறவில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் வரும் அதே எட்டுப் பேர்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவர்களும் வராவிட்டால் நாற்காலிகளோடுதான் பேச வேண்டும். ஆனால் எட்டுப் பேரும் காலையில் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து விடுகிறவர்கள் என்றால் அந்தக் கூட்டத்தில் பஸ் பற்றிய பேச்சே வராது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வந்துபோக வண்டி, வீடு தேடிப் போவது ஆகியவற்றுக்கு டைட்டில் ஒன் பணத்தைப் பயன்படுத்தலாம். அதைவிட நாமே போவது மேல். குருத்வாராவில் ஞாயிற்றுக்கிழமை லங்கர் என்ற பொதுச் சாப்பாடு நடக்கும்போது ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். ஒரு வருடக் கூட்டங்களில் கேட்காததை இரண்டு மணி நேரத்தில் கேட்டேன்.

வகுப்பு உதவியாளர்களை மறந்துவிடாதீர்கள். சட்டத்தின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது, நம் அழைப்புப் பட்டியலில்தான் இருப்பதில்லை. ஆசிரியர்களில் பலர் நாற்பது மைல் தள்ளி வசிக்கிறார்கள். உதவியாளர்கள் பிள்ளைகளின் தெருவிலேயே வசிக்கிறார்கள். 4 மணிக்கு யார் வீட்டில் யார் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாற்பது கேள்வி சர்வே

நானே ஒன்றைக்கூட முழுதாக நிரப்பியதில்லை.

பழங்குடி அரசை 'இன்னொரு பெற்றோர் குழு' என்று நினைப்பது

மாணவர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ அமெரிக்கப் பூர்வகுடிகளாக இருந்தாலோ, முந்தின ஆண்டு பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான 'இந்தியன் எஜுகேஷன்' மானியம் 40,000 டாலருக்கு மேல் வந்திருந்தாலோ, திட்டத்தை அனுப்பும் முன் பழங்குடி அரசின் பிரதிநிதிகளோடு தனியாகக் கலந்து பேச வேண்டும். அவர்கள் ஓர் அரசு. பெற்றோர் கூட்டத்து அழைப்பிதழை அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவது மரியாதையும் இல்லை, விதிப்படியும் இல்லை. (அந்த மானியத்துக்கான 506 படிவத்தில் 'இந்தியன்' என்று பார்த்துவிட்டு நம்மூர்ப் பெற்றோர் ஒருவர் சிரத்தையாக நிரப்பிக் கொடுத்தார். எப்படிச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்று அரைநாள் யோசித்தேன்.)

சொன்னது என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விடுவது

மாநிலப் பணத்தை எப்படிச் செலவழிப்போம் என்று எங்கள் மாநிலத்தின் மாவட்டங்கள் எழுதும் எல்கேப் (LCAP) திட்டத்தில் பெற்றோர் ஆலோசனைக் குழு சொன்ன கருத்துகளுக்குக் மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். ஃபெடரல் திட்டத்துக்கும் அதையே செய்கிறேன். இரண்டு பத்திகள்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது. செய்ய முடியாததற்கு ஒரு வரியில் காரணம். "பணம் இல்லை" என்பதை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே இல்லாததைத்தான் ஏற்றுக்கொள்வதில்லை. மறு வருடம் வரமாட்டார்கள்.

அப்புறம் அந்தப் புதியவருக்குப் போன் செய்தேன். ஜூனில் இன்னொரு வாரியக் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். இந்தத் தடவை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட்டு அதில் போடச் சொன்னேன். நிகழ்ச்சி நிரல் வெளியாகிவிட்டதே என்று தயங்கினார். எடுக்கலாம், உலகம் இடிந்து விழாது என்றேன். பேசிக்கொண்டே அவருடைய பட்ஜெட்டைப் புரட்டினேன். பள்ளி விட்ட பிறகு டியூஷன், வாரம் நான்கு நாள். போக்குவரத்துச் செலவுக்கான இடத்தில் பூஜ்யம். முதலில் அந்தப் பூஜ்யத்தை அழித்துவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள் என்றேன்.