முதல் ஒப்பரேஷனுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் காலைப் பார்ப்பது எப்படி

அப்பாவுக்குக் கால் நாடிகள் (இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள்) அடைபட்டதால் இரண்டு கட்டமாக ஒப்பரேஷன். முதற்கட்டத்தில் ஒரே மேசையில் இரண்டு வேலை: தொடை இடுக்கைத் திறந்து நாடி அடைப்பைச் சுரண்டி எடுத்து, அதே வழியால் இடுப்பு நாடிக்கு ஸ்டென்ட் (நாடியைத் திறந்து வைத்திருக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே பைபாஸ் (அடைப்பைச் சுற்றி இரத்தம் போக மாற்றுப் பாதை) பிறகு. மேலேயிருந்து இரத்தம் வராமல் கீழே பாதை போட்டுப் பயனில்லை.

கொக்குவில் வீட்டில் காலமையும் பின்னேரமும் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிடுவேன். விரலிடுக்கையும் குதியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்; நீரிழிவு உள்ளவருக்குப் புண் வந்தாலும் நோகாமல் இருக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடு போக அப்பா கெஞ்சினார். மனம் கேட்கவில்லைத்தான், ஆனாலும் விடவில்லை. சுடுதண்ணிப் போத்தல் வைக்கவே வேண்டாம். அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, விறைத்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஏறக்குறைய 6 மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கிவிடும்.