படம் காட்டும்போது பேசாதீர்கள்: புதிதாக போட்டோ எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒகேனக்கல்லில் எடுத்த பரிசல் படம் ஒன்றை, தருமபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்க்கத் தொடங்குவதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். முதல் பஸ்ஸில் கிளம்பியது, பாறையில் கால் வழுக்கியது, சாரல் அடித்து லென்ஸை நாலு முறை துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “நீ சொன்னதுல எது தம்பி இந்தப் படத்துல இருக்கு?” என்றார்.

புதிதாக போட்டோ பழகுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எடுத்தவருக்கு அந்த நாள் முழுவதும் நினைவிருக்கிறது. பார்ப்பவருக்கு நாலு ஓரத்துக்குள் இருப்பது மட்டும்தான். அவர் கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கியது என்பதுதான் நமக்கு வேண்டும். கதையை முன்னாலேயே சொல்லிவிட்டால் அது கிடைக்காது. குறை சொன்னதும் “அங்க வெளிச்சமே இல்லண்ணா” என்று காரணம் சொல்வதும் இதே வகைதான். இரண்டு முறை அப்படிச் சொன்னால், மூன்றாவது முறை “நல்லாருக்குப்பா” என்று முடித்துவிடுவார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அதற்கு வீட்டிலும் நண்பர்களிடமும் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “முதல்ல எதைப் பார்த்தீங்க? எது உறுத்துது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கேமரா தெரிந்தவரிடம் மட்டும் காட்டுவதும் பெரிய இழப்பு. அதே பரிசல் படத்தை, அடுத்த முறை போனபோது பரிசல் ஓட்டும் ஒருவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “துடுப்பு எங்கங்க தண்ணிய தொடுது? அதுதானே பரிசலைத் திருப்புது” என்றார். துடுப்பின் நுனி பிரேமின் கீழ் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அத்தனை நாள் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. ஓட்டுபவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வேலை நடக்கும் இடத்தை விட்டுவிட்டேன். அன்று கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று, துடுப்பு தண்ணீரில் இறங்கும் நொடிக்காக மட்டும் காத்திருந்து எடுத்தேன்.

அடுத்தது, சொன்ன குறையையே காரணமாக எடுத்துக்கொள்வது. பார்ப்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். காரணத்தைத் தேடுவது நம் வேலை. “தெளிவா இல்ல” என்று சொன்னால் உடனே நல்ல லென்ஸ் வாங்கக் கிளம்பாதீர்கள். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பாறை கூர்மையாக இருந்து, பரிசல் மட்டும் அது நகரும் திசையில் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்து மூடும் வேகம், போதவில்லை. 1/500 நொடி, 1/1000 நொடி என்று ஏற்றிப் பாருங்கள். பரிசல் இழுபடாமல் வெறுமனே மங்கி, பின்னாலுள்ள பாறை தெளிவாக இருந்தால் போகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்.

“அருவி அழுக்கா தெரியுது” என்பதும் அப்படித்தான். கேமராவின் ஒளி அளவி, தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே பெரும்பாலும் கணக்குப் போடும். பிரேம் முழுக்க வெள்ளை நுரை இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 பக்கம் நகர்த்தினாலே நுரை வெளுக்கும். ரொம்ப ஏற்றினால் நுரையின் இழைகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும் என்பதால், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். படம் சுருங்கிவிடும், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) விவரங்களும் கூடவே போகாது. டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

எல்லார் சொல்வதையும் கேட்டு ஒரே படத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் அது யாருடைய படமாகவும் இருக்காது. ஒருவர் சொன்னதைக் குறித்து வையுங்கள். தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. குறையைக் கேட்டுவிட்டு, எடிட்டிங்கில் ஒப்பேற்றி, அந்த இடத்துக்குத் திரும்பப் போகாமலே இருந்துவிடுவது. கிருஷ்ணகிரி பக்கம் சாலையோர மாம்பழக் கடையில் எடுத்த படத்தைக் கடைக்கார அக்காவிடம் காட்டியபோது, “இது காய் மாதிரி இருக்கேப்பா, நான் வெச்சிருக்கிறது பழம்” என்றார். மேலே நீலத் தார்ப்பாய். அதன் வழியே இறங்கிய வெளிச்சம் மஞ்சள் பழத்தைப் பச்சையாக்கியிருந்தது. வீட்டுக்கு வந்து நிறத்தைத் திருத்தினேன். பழம் மஞ்சளானது, ஆனால் அக்காவின் கைகளும் மஞ்சளாகிவிட்டன.

சீசன் முடிவதற்குள் மறுபடி போனேன். அவரிடம் கேட்டுக் கூடையைத் தார்ப்பாய்க்கு வெளியே, வேப்பமர நிழலுக்கு நகர்த்தினேன். வேறு எதையும் மாற்றவில்லை. அதே லென்ஸ், அதே மாலை நேரம். எடுத்ததை ஒன்றும் பேசாமல் அவரிடம் நீட்டினேன். திரையில் விரல் வைத்துக் காட்டினார்: “இது பங்கனப்பள்ளி, இது செந்தூரா. இந்த ஓரத்துல இருக்கிறது அடிபட்டது, அதை எடுத்துட்டு இன்னொன்னு எடு.”