ரத்த மைக்ரோஆர்என்ஏ ஆய்வுகளைப் படிக்கும் முறை

ரத்தத்திலுள்ள மைக்ரோஆர்என்ஏவை அளந்து புற்றுநோயைக் கண்டறியலாம் என்று கூறும் ஆய்வைப் படிக்கும்போது, அது பேசும் மூலக்கூறு எந்த மரபணுவை அடக்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள இந்தச் சிறு ஆர்என்ஏக்கள் தாம் புரதமாக மாறுவதில்லை. மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்என்ஏவுடன் இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கின்றன. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் உள்ள பலரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி அழிந்து மிர்-15, மிர்-16 என்ற மைக்ரோஆர்என்ஏக்கள் குறைந்துபோவதை 2002இல் புற்றுநோய் ஆய்வாளர் கார்லோ குரோச்சியின் குழு காட்டியது. இவை அடக்கி வைத்திருக்க வேண்டிய பிசிஎல்-2 புரதம் அப்போது பெருகுவதால், மடிய வேண்டிய செல்கள் மடியாமல் தங்கிவிடுகின்றன. மிர்-21 இதற்கு நேர்மாறாகப் பல திடக்கட்டிகளில் மிகுந்து காணப்படுகிறது. அழற்சியிலும் அது உயரும் என்பதால், அதன் உயர்வை மட்டும் வைத்து எந்த உறுப்பில் நோய் என்று சொல்ல இயலாது.

அடுத்து, மாதிரி எடுத்த விதத்தைத் தேடிப் பாருங்கள். ஓர் ஆய்வின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. ஆர்கோனாட் புரதத்துடன் பிணைந்தோ செல்கள் வெளிவிடும் நுண்குமிழ்களுக்குள் அடைபட்டோ இருப்பதால் மைக்ரோஆர்என்ஏ ரத்தத்தில் எளிதில் சிதைவதில்லை. ஆனால், சிவப்பணுக்களுக்குள் மிர்-16, மிர்-451 ஆகியவை ஏராளமாக உள்ளன. ரத்தம் எடுக்கும்போதோ குழாயைக் குலுக்கும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இந்த மைக்ரோஆர்என்ஏக்களின் அளவு எகிறிவிடும். அந்த உயர்வுக்கும் கட்டிக்கும் எந்தத் தொடர்பும் இராது. பிளாஸ்மா கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் சிவப்பணுச் சிதைவு நேர்ந்திருக்கலாம் என்பதால், கசிந்த ஹீமோகுளோபினைக் காட்டும் 414 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை அளந்தார்களா என்று பாருங்கள்; அல்லது சிதைவால் அதிகம் மாறாத மிர்-23ஏவுடன் மிர்-451ஐ ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். இவ்விரண்டின் பிசிஆர் சுழற்சி எண்களுக்கிடையே (பிசிஆர் என்ற நகலெடுக்கும் சோதனையில் மூலக்கூறு தென்படத் தேவைப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை) 7க்கு மேல் வேறுபாடு இருந்தால், சிதைவு நேர்ந்திருப்பதாகக் கொள்வது வழக்கம். மிர்-16ஐயே ஒப்பீட்டு அளவுகோலாக வைத்த ஆய்வுகளை இதே காரணத்தால் கூடுதல் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின் பிசிஆர் வினையைத் தடுக்கும் என்பதால், அதற்குப் பதிலாக இடிடிஏ என்ற உறைவுத்தடுப்பான் உள்ள குழாய் பயன்பட்டதா என்பதையும் கவனியுங்கள்.

யாரை யாருடன் ஒப்பிட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. முற்றிய நோயாளிகளையும் நலமானவர்களையும் பிரித்துக் காட்டும் சோதனை, தொடக்கநிலைக் கட்டியைப் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. இத்துறையில் மிகத் தெளிவான சான்று விந்தகப் புற்றுநோயில் கிடைத்திருக்கிறது: இனப்பெருக்கச் செல்களிலிருந்து தோன்றும் கருச்செல் கட்டிகளைக் கண்டறிவதில் மிர்-371ஏ-3பி, வழக்கமான ரத்தக் குறியீடான ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனைவிடக் கூர்மையானது. ஆயினும் கருச்செல் கட்டியின் ஒரு வகையான டெரட்டோமா மட்டுமே உள்ளவரிடம் அது உயர்வதில்லை. எனவே ஒரு சோதனை எதைத் தவறவிடும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

சிகிச்சை பற்றிய செய்தியாயின், குறைந்த மைக்ரோஆர்என்ஏவை ஈடுசெய்கிறார்களா, மிகுந்ததைத் தடுக்கிறார்களா என்று பிரித்தறிந்து, மருந்து எந்த உறுப்புக்குச் சென்று சேர்கிறது என்று பாருங்கள். மிர்-34இன் நகலை லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழில் பொதிந்த எம்ஆர்எக்ஸ்34 மருந்தின் மனிதச் சோதனை 2013இல் தொடங்கியது. சிலருக்குக் கட்டி சுருங்கியபோதிலும், உயிரிழப்பு வரை சென்ற நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் அது நிறுத்தப்பட்டது. ஒரே மூலக்கூறு பல மரபணுக்களைத் தொடுவதால், கட்டிக்கு வெளியே அது என்ன செய்கிறது என்பதை அறிக்கையின் பக்கவிளைவு அட்டவணையில் நேரடியாகத் தேடிப் படியுங்கள்.

உங்கள் கையிலுள்ளது தனிநபருக்கான சோதனை முடிவு என்றால், அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் ஸ்கேனையோ பயாப்ஸியையோ அந்த முடிவை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.