இணையவழித் துன்புறுத்தல்: அல்காரிதத்துக்குத் துணைபோகும் தவறுகள்

ஒருவரை இழிவுபடுத்தும் பதிவைக் கண்டு கொதித்துப்போய், அதன் கீழேயே பதிலடி கொடுப்பதுதான் முதல் தவறு. நல்ல மனத்தோடு செய்வதால், பலருக்கு இதைத் தவறென்று ஒப்புக்கொள்ளவே மனம் வருவதில்லை. ஆனால் எந்தப் பதிவை யாருக்குக் காட்டலாம் என்று கணக்கிடும் நிரலுக்கு உங்கள் நோக்கம் தெரியாது. ட்விட்டர் 2023இல் தன் பரிந்துரை நிரலைப் பொதுவெளியில் வைத்தபோது இது எண்களாகவே தெரிந்தது. ஒரு பதிவை எவ்வளவு மேலே காட்டலாம் என்று மதிப்பெண் போடும்போது, படிப்பவர் லைக் போடக்கூடும் என்ற கணிப்புக்கு 0.5 எடை, பதில் எழுதக்கூடும் என்பதற்கு 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவர் திரும்ப வந்து ஈடுகொடுப்பார் என்றால் 75. அதாவது, வசைபாடியவரோடு நீங்கள் மல்லுக்கட்டுவதுதான் அவருக்குக் கிடைக்கும் பெரிய விளம்பரம். ஃபேஸ்புக்கும் 2017இல் கோபக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக்குறிகளுக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு தந்தது; பின்னர் கோபக்குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது.

அதே ட்விட்டர் பட்டியலில் புகாருக்கு இருந்த எடை மைனஸ் 369; அதாவது, அது பதிவைக் கீழே தள்ளும். இந்த எண்கள் மாறக்கூடியவைதான். ஆனாலும் சத்தமில்லாமல் புகார் செய்துவிட்டு, பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஆறுதல் எழுதுவது எவ்வளவோ மேல். புகாருக்கு முன் பதிவின் இணைப்பு, தேதி, திரைப்பிடிப்பு மூன்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்; நீக்கப்பட்டபின் சாட்சியம் இருக்காது.

தளங்களை நடத்துவோரின் தவறு இன்னும் கனமானது. பதிவுகளைத் தனித்தனியாக எடைபோடும் வடிகட்டிக்கு, நூறு பேர் ஒரே நாளில் ஒருவருக்கு அனுப்பும் வெறும் சிரிப்புக்குறிகள் குற்றமாகப் படாது. தனக்கு வந்த வசையை மேற்கோள் காட்டி முறையிடுபவரின் பதிவோ சிக்கிக்கொள்ளும். பாதிக்கப்படக்கூடியவர்களையே மறைத்துவைப்பதும் தீர்வாகாது. மாற்றுத்திறனாளிகளைக் கேலியிலிருந்து காப்பதாகச் சொல்லி அவர்களின் வீடியோக்கள் பரவாமல் கட்டுப்படுத்தியதை டிக்டாக் 2019இல் ஒப்புக்கொண்டது. தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்!

புகாருக்கு ‘விதிமீறல் இல்லை’ என்று தளத்திலிருந்து நொடியில் வரும் பதிலோடு விட்டுவிடுவதும் தவறு. மேல்முறையீட்டு வழி இருந்தால் பயன்படுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, அத்தகைய முறையீட்டைத் தானியங்கி முறையில் மட்டுமே முடித்துவிடக் கூடாது. தகுதியுள்ள பணியாளரின் மேற்பார்வை வேண்டும். முறையீட்டில் பதிவை மட்டும் ஒட்டாதீர்கள். எத்தனை கணக்குகள், எத்தனை நாட்களாக, எந்தப் பட்டப்பெயரால் யாரைக் குறிக்கின்றன என்று எழுதுங்கள்.