கால்பந்து அரங்கில் பாதுகாப்பாக நின்று பார்ப்பது எப்படி?

1989ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நேர்ந்த நெரிசலில் 97 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அந்நாட்டின் முதல் இரு நிலைக் கழகங்களின் அரங்குகளிலிருந்து நிற்கும் பகுதிகள் படிப்படியாக அகற்றப்பட்டன. 2022-23 பருவம் முதல், உரிமம் பெற்ற பகுதிகளில் மட்டும் நிற்பதற்கு மீண்டும் அனுமதி உண்டு. அங்கே செல்ல விரும்புவோர் அப்பகுதிக்குரிய நுழைவுச்சீட்டையே வாங்க வேண்டும். அப்பகுதியிலும் இருக்கைகள் உண்டு; ஓர் இருக்கைக்கு ஒருவர் என்பதே விதியாதலால், சீட்டில் குறித்துள்ள இடத்திலேயே, தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நில்லுங்கள். கோல் விழுந்ததும் ஆரவாரிக்கும் கூட்டம் முன்வரிசையினர்மீது சரியாமல் காப்பது அக்கம்பிதான். நண்பரையும் தம் இடத்துக்குள் நெருக்கி நிறுத்திக்கொள்வது நட்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படையையே அது குலைத்துவிடும். கம்பியின்மேலோ இருக்கையின்மேலோ ஏறக் கூடாது. படிகளை மறிக்கவும் கூடாது. சிறுவரை அழைத்து வருவோருக்கு உட்காரும் பகுதியே மேல்.