எத்தனை நாள் ஊசி என்று முதல் நாளே கேளுங்கள்

“சிஸ்டர், கை வீங்கிடுச்சு, வந்து பாருங்க.”

கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 19 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்காமல் எனக்கு எந்த நைட் டூட்டியும் விடிந்ததில்லை. போய்ப் பார்த்தால் ட்ரிப்ஸ் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், புறங்கை இட்லி மாதிரி உப்பியிருக்கும். கழற்றிவிட்டு அடுத்த கையில் தேட வேண்டியதுதான்.

மூன்று நாள் காய்ச்சலுக்கு வந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. மூன்று வாரம், நாலு வாரம் மருந்து ஏற வேண்டியவருக்கு இப்படியே போனால் இரண்டாவது வாரத்தில் கையில் இடம் தீர்ந்துவிடும். மருந்து ஏற எந்தக் குழாய் என்று முடிவு செய்வது டாக்டர்தான். ஆனால் கேள்வியைக் கூட இருக்கிறவர்களும் கேட்கலாம், நர்ஸ் கட்டாயம் கேட்க வேண்டும். எத்தனை நாள் ஏறணும், என்ன மருந்து. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நான் கேட்காமல் விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். வலங்கைமான் பக்கத்து விவசாயி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், பழைய சர்க்கரை. சம்பா நடவு முடிந்த கையோடு விடாத காய்ச்சல். ஸ்கேனில் மண்ணீரலில் சீழ்க்கட்டி. நாலாம் நாள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது: மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வருவது அது. சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவருக்குச் சர்க்கரையும் இருந்தால் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். நாலு வாரம் செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, அதுக்கப்புறம் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை என்று டாக்டர் எழுதினார்.

அந்த நிமிஷமே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நரம்பு பிடிப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. (படித்தவர்கள் சிரை என்பார்கள், நம்மூரில் எல்லோருக்கும் அது நரம்புதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) பக்கத்து வார்டிலிருந்துகூட ‘அக்காவைக் கூப்பிடு’ என்று ஆள் வரும். அந்த மிதப்பில் ஒன்று போனால் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனேன். பத்தாம் நாள் காலையில் கிளவுஸை மேல்கையில் இறுக்கிக் கட்டித் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் எழும்பவில்லை. பழைய நரம்பெல்லாம் முறுக்கிய கயிறாகக் கெட்டித்துக் கிடந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. “ஏம்மா, போர் போடுறவன்கூட ரெண்டு எடம் பாத்துட்டு நிறுத்திடுவானே” என்றார். சார்ட்டைப் புரட்டி எண்ணினேன். 9 நாளில் 11 குத்து.

அன்றைக்குத்தான் பிக் லைன் என்கிற நீளக் குழாயைப் போட்டோம்.

2015ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் முன்னின்று ‘மேஜிக்’ என்று ஒரு வழிகாட்டி கொண்டுவந்தார்கள். நாள் கணக்கை வைத்துக் குழாயைப் பிரிக்கிறது. எங்கள் வார்டில் அதைத்தான் மனசில் வைத்திருக்கிறோம்.

5 நாளுக்குள் முடியும் என்றால் சாதாரண கேனுலா, அதாவது கைநரம்பில் செருகும் சின்னக் குழாய், போதும். வென்ஃப்ளான் என்று கம்பெனிப் பேரையே பொதுப் பேராக்கிவிட்டோமே, அதுதான். கலரை வைத்து அளவு சொல்லலாம்: பச்சை 18, பிங்க் 20, ப்ளூ 22, மஞ்சள் 24. நம்பர் ஏற ஏறக் குழாய் சிறுக்கும். ‘பெருசாவே போடுங்க சிஸ்டர், சீக்கிரம் ஏறும்’ என்பவர்கள் உண்டு. பச்சை, அவசரமாக ரத்தம் ஏற்றவும் ஆபரேஷனுக்கும். ஆன்டிபயாடிக்குக்கு ப்ளூவே தாராளம். குழாயைச் சுற்றி ரத்தம் ஓட இடம் இருந்தால்தான் நரம்பு தாங்கும். இடம், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில். முழங்கை மடிப்பில் பளிச்சென்று ஒரு நரம்பு தெரியும், புதுசாக வந்த பிள்ளைகள் நேரே அங்கேதான் போவார்கள். கையை ஒரு தடவை மடக்கினால் போச்சு. சோறு பிசைகிற கையை விட்டுவிட்டு மற்றதில் போடச் சொல்லுங்கள்.

72 மணி நேரம் ஆனால் கழற்றி மாற்று என்று எங்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 2012ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் நரம்பு வீங்கிச் சிவந்தது ஒரே அளவு, 100க்கு 7 பேர். ஆகவே நல்லா ஓடுகிற கேனுலாவை நாள் கணக்குக்காகப் பிடுங்க வேண்டியதில்லை. வலி, சிவப்பு, வீக்கம் வந்தால் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது.

6 முதல் 14 நாள் வரைக்கும் மிட்லைன் என்று ஒன்று இருக்கிறது. மேல்கையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் போடுவது, நுனி அக்குளுக்குக் கீழேயே நின்றுவிடும். நல்ல சாமான், எங்கள் பக்கம் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஸ்டாக் இருப்பதில்லை என்பதுதான் குறை.

15 நாள், அதற்கு மேல் என்றால் பிக் லைன். அதே மேல்கையில், உள்பக்கத்து நரம்பு வழியாக நுழைத்து, நுனியை இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய நரம்பில் கொண்டு நிறுத்துவார்கள். அங்கே நிமிஷத்துக்குச் சுமார் 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வயல்காரர்களிடம் நான் இப்படித்தான் சொல்வது: ஒரு மூட்டை யூரியாவைக் கன்னி வாய்க்காலில் கொட்டினால் பயிர் கருகும், வெண்ணாற்றில் கொட்டினால் இருந்த இடம் தெரியாது. கைநரம்பு கன்னி வாய்க்கால். அதனால் கெட்டியான பொட்டாசியம், சத்து முழுக்க நரம்பு வழியே ஏற்றும் பை, வெளியே கசிந்தால் சதையை அழுக வைக்கும் சில கீமோ மருந்துகள், இவற்றுக்கு நாள் கணக்கே பார்க்கக் கூடாது. இரண்டே நாள் என்றாலும் பெரிய நரம்புதான்.

பிக் லைனில் ஒரு வாய், இரண்டு வாய் என்று வரும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு வாய் கேட்காதீர்கள். கிருமி நுழைவதும் ரத்தம் கட்டுவதும் அதில் கூடுதல். நரம்பின் அகலத்தில் 45 சதவீதத்துக்கு மேல் குழாய் அடைக்கக் கூடாது. 4 ஃபிரெஞ்ச் (குழாய்ப் பருமனைச் சொல்லும் அளவு) குழாய் 1.3 மி.மீ. பருமன், அதற்கு 3 மி.மீ. நரம்பாவது வேண்டும், அளந்து பார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. போட்டதும் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலோ வேறு முறையிலோ உறுதி செய்த பிறகுதான் மருந்து ஏற வேண்டும்.

கிட்னி கெட்டவர்கள் விஷயம் தனி. கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே இருந்தால் பிக் லைன் வேண்டவே வேண்டாம், மிட்லைனும் வேண்டாம். நாளைக்கு டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (கையில் நரம்பையும் தமனியையும் இணைப்பது) போட அந்த நரம்புதான் மூலதனம். நீண்ட நாள் என்றால் கழுத்து வழியாகப் போடும் குழாயைக் கிட்னி டாக்டரிடம் கேட்டுச் செய்வார்கள். சின்ன வேலைக்குப் புறங்கை. நான் அவர்களின் இடது மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி ‘இங்கே ஊசி வேண்டாம்’ என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதிவிடுவேன். டூட்டி மாறினாலும் எழுத்து மாறாது.

மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஏறும் கீமோவுக்கு, நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் சின்ன டப்பா, போர்ட். மருந்து இல்லாத நாளில் குளத்தில்கூடக் குளிக்கலாம். பிக் லைனோடு குளம், ஆறு, பம்ப்செட் தொட்டி எதிலும் கையை நனைக்கக் கூடாது. அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி ஒட்டும் டிரஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒரு முறை மாற்றுவது, நனைந்தாலோ பிரிந்தாலோ உடனே. ஃப்ளஷ் பண்ண, அதாவது சலைன் விட்டுக் குழாயைக் கழுவ, 10 மில்லி சிரிஞ்ச், அதைவிடச் சின்னது அழுத்தம் கூடிக் குழாயைக் கிழிக்கும். ஃப்ளஷ் பண்ணினதும் குளிர் நடுக்கம் வந்தால், கை பருத்தால், அன்றைக்கே வர வேண்டும்.

வலங்கைமான்காரருக்கு மீதி நாளெல்லாம் ஒரே குழாயில் ஓடியது. கடைசி நாள் படுக்க வைத்து மெதுவாக உருவி, டேப்பை வைத்து 41 செ.மீ. என்று சார்ட்டோடு சரிபார்த்தேன். தொடாமல் பக்கத்தில் சாண் வைத்து அளந்தார். “ரெண்டு சாணுக்குக் கொஞ்சம் கொறையுது. இதா நெஞ்சு வரைக்கும் கெடந்துச்சு?” என்றார். மாத்திரையை விடக் கூடாது, வயலில் இறங்கினால் பூட்ஸ் போட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லச் சிரிக்கிறார்.

“நம்மூரு சேத்துல பூட்ஸு அங்கேயே நின்னுடும்மா. நான் மட்டுந்தான் வரப்புக்கு வருவேன்.”